காரணம்: மாமியார்

எங்கள் சலவை ஆலையில் லீவு கேட்க ஒரு மஞ்சள் தாள் உண்டு. பெயர், பிரிவு, தேதி, காரணம் என்று நான்கு கட்டங்கள். முதல் மூன்றை உண்மையாகவும் நான்காவதைப் பொய்யாகவும் நிரப்புவது அங்கே எழுதாத சட்டம். டிரையரில் வேலை பார்த்த ஒருவர் ஒரே வருடத்தில் தன் பெரியப்பாவை மூன்று முறை சாகடித்தார். நான்காவது முறை தாளை நீட்டியபோது மேனேஜர், "இந்தத் தடவையாவது போனவர் போனவராவே இருப்பாரா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

என் பங்குக்கு எனக்குப் பல்வலி. வாரத்தில் ஒருநாள் காலையிலும் இன்னொரு நாள் மாலையிலும் வரும். சில வாரம் அதுவே காய்ச்சலாக மாறும், ஏனென்றால் யாராவது சந்தேகப்பட்டுவிடக் கூடாது. மடிப்பு மேசையில் எல்லோரும் என்னைப் 'பல்வலி' என்றே கூப்பிட்டார்கள். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், என் பற்கள் ஆணியைக் கடிக்கும். என் வீட்டுக்காரருக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். முடிந்ததும் அவரால் தனியாக எழுந்து நிற்க முடியாது. கைத்தாங்கலாகக் கூட்டி வர ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இதைச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். வீட்டில் ஆள் படுத்திருக்கிறது என்று தெரிந்தால் ஆலையில் நம் பெயரும் படுத்துவிடும். 'இவளை நம்பி வேலை கொடுக்க முடியாது' என்று ஒருமுறை எழுதிவிட்டால் அப்புறம் மேசைத் தலைவி ஆவதும் இல்லை, நல்ல ஷிப்ட் கிடைப்பதும் இல்லை. அதனால் பல்வலி, காய்ச்சல், பெரியப்பா.

அந்தக் கட்டத்தில் முதன்முதலாக உண்மையை எழுதியவர் எங்கள் பாய்லர்காரர். நாங்கள் 'நீராவி அண்ணன்' என்போம்.

ஐம்பது வயதுக்குப் பக்கம். ஒல்லி. பத்தொன்பது வருடமாக அந்தச் சூட்டறையில் நின்று முழங்கைவரை தோல் காய்ந்து போயிருந்தது. விடிய ஐந்து மணிக்கு வந்து பாய்லரைப் பற்ற வைப்பார். ஆறு மணிக்கு நாங்கள் வரும்போது குழாய்களில் நீராவி ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி எல்லாம் எங்களிடம்தான் வரும். துவைப்பது, உலர்த்துவது, ரோலரில் போட்டுத் தேய்ப்பது அத்தனைக்கும் அவருடைய நீராவிதான். அதிகம் பேச மாட்டார். பேசினால் தட்டிக்கழிக்க முடியாதபடி பேசுவார். எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதானாலும் முதலில் துணிக்கழிவில் கையைத் துடைத்துக்கொள்வார். ஏதோ சத்தியம் செய்யப் போகிறவர் மாதிரி இருக்கும்.

அவரும் ஒரு காலத்தில் பொய் எழுதியவர்தான். மனைவிக்குப் புற்றுநோய் வந்த வருடம் தனக்குக் காய்ச்சல், காய்ச்சல் என்று எழுதியே லீவையெல்லாம் தீர்த்துவிட்டார். கடைசி வாரத்தில் ஒருநாள்கூட மிச்சமில்லை. மனைவி போன நேரத்தில் அவர் பாய்லர் முன்னால் நின்று தண்ணீர் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒருமுறைதான் என்னிடம் அதைப் பற்றிப் பேசினார். "எனக்கு வராத காய்ச்சலுக்கெல்லாம் லீவு கிடைச்சுது. அவ சாவுக்குக் கிடைக்கல," என்றார்.

மனைவிக்கு ஒரு அம்மா இருந்தார். அந்த அம்மாவுக்கு ஒரே மகள். மருமகனுக்கும் மாமியாருக்கும் கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்தே கீரியும் பாம்பும்தான். கல்யாணத்துக்கே வரவில்லையாம். "புகையில நிக்கிறவனுக்கா என் பொண்ணு?" என்று சொன்னவர். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். மகள் போன அடுத்த வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் விழவில்லை.

சொந்தக்காரர்கள் கூடிப் பேசி ஏதாவது விடுதியில் சேர்த்துவிடலாம் என்றார்கள். ஒருவர் நீராவி அண்ணனிடமே, "உனக்கென்னப்பா தலையெழுத்து? பொண்டாட்டியே போயாச்சு, அப்புறம் மாமியார் எதுக்கு?" என்றாராம்.

"பொண்டாட்டி போயிட்டா. அத்தை போகலையே," என்று சொல்லிவிட்டு அன்று மாலையே கட்டிலோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். தரைத்தளத்தில் இரண்டு அறை. ஜன்னலோரம் கட்டில். கட்டிலிலிருந்து குளியலறைவரை சுவர் நெடுக இடுப்பு உயரத்தில் இரும்புக் குழாய் பதித்து நீலச் சாயம் அடித்திருந்தார். திரும்பும் இடங்களில் ஆலையில் நீராவிக் குழாயை வளைக்கிற அதே நேர்த்தியில் வளைத்திருந்தார். இடது கையால் பிடித்துக்கொண்டு அத்தை அடி அடியாக நடப்பார். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒரு சாவி இருந்தது. அவர் பகலில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

நான் போயிருந்தபோது அத்தை ஒரு வாய் டீ குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தார்.

"மாப்பிள்ளை, இதுல சக்கரை இல்லை."

"டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு அத்தை."

"அப்போ இதைக் கொண்டுபோய் டாக்டருக்குக் குடு."

நீராவி அண்ணன் தம்ளரை எடுத்துக்கொண்டு போனார். அரை ஸ்பூன் போட்டுக் கலக்கிக் கொடுத்தார்.

டாக்டரிடம் மாதம் ஒருமுறை கூட்டிப்போக வேண்டியிருந்தது. முதல் மாதம் மஞ்சள் தாளில் 'மாமியாரை டாக்டரிடம் அழைத்துச் செல்ல' என்று எழுதிக்கொண்டு போய் நின்றார். நான் என் பல்வலித் தாளோடு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. நாற்பது வயது, எப்போதும் மொடமொடப்பான சட்டை. ஆனால் புத்தகத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நினைப்பவர்.

"மாமியாரா?" என்று சிரித்தார். "லிஸ்டைப் பாருங்க. தாய், தந்தை, மனைவி, பிள்ளை. மாமியார் எங்க இருக்காங்க?"

"எங்க வீட்ல இருக்காங்க சார்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க நிஜமாகவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

"அட, காய்ச்சல்னு எழுதிக் குடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"எனக்குக் காய்ச்சல் இல்ல சார்."

"தாளுக்குத்தான்யா சொல்றேன்!"

"கீழ போடற கையெழுத்து என்னோடது சார். ஏற்கெனவே நிறைய போட்டாச்சு."

மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை. நீராவி அண்ணன், "அப்போ நான் லீவு கேக்கல. வரமாட்டேன்னு தகவல் சொல்லிட்டேன்," என்று தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். அவர் வராத அன்றைக்குத் துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் ஏதோ சமாளித்து பாய்லரை ஓட்டினார். பதிவேட்டில் 'அனுமதியின்றி வரவில்லை' என்று ஏறியது. மாதம் ஒன்றாக ஏறிக்கொண்டே போனது.

வாசலில் போன்களை வைக்கத் தகரப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. முன்பு யாரோ ஒருவர் படம் பார்த்துக்கொண்டே ரோலரில் கையைக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். அவசரம் என்றால் வீட்டிலிருந்து ஆபீஸ் நம்பருக்கு அடிக்கலாம், ஆபீஸில் இருக்கும் பெண் வந்து சொல்லுவாள் என்பது ஏற்பாடு.

ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். தையல்காரம்மா வந்து பார்த்து, கதவை அடைத்துக்கொண்டு கிடந்தவரைத் தெருவில் போன இரண்டு பேரை வைத்துத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. நடமாட்டத்துக்கு இருந்த ஒரே கை. ஆபரேஷன் செய்ய வீட்டு ஆள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தையல்காரம்மா நீராவி அண்ணன் போனுக்குப் பதினான்கு தடவை அடித்தார். அது தகரப் பெட்டிக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆபீஸுக்கும் அடித்தார். ஆபீஸ் பெண் ஒரு துண்டுத் தாளில், 'பாய்லர் - வீட்டிலிருந்து போன்' என்று குறித்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஓட்டல்காரர்கள் யாரோ வர, டீ கொடுத்தாள். டீ கிளாஸை அந்தத் தாள்மேலேயே வைத்தாள்.

ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் ஓடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதுவரை அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் தள்ளுகட்டிலில் மூன்று மணி நேரமாக அத்தை மல்லாந்து கிடந்தார். முறிந்த கையைத் துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். இவரைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா மாப்பிள்ளை? மேல இருபத்தாறு லைட்டு. ரெண்டு எரியல. யார்கிட்டயாவது சொல்லி மாட்டச் சொல்லுங்க," என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். அவர் அழுது தான் பார்த்தது அதுதான் இரண்டாவது முறை என்று நீராவி அண்ணன் சொன்னார். முதல் முறை எது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவர் வரவில்லை. தையல்காரம்மாவின் அக்கா பகலில் கூட இருக்க ஒத்துக்கொண்ட பிறகு சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு வந்தார். போன் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி இருந்தது.

"அண்ணே, போனு," என்றார் வாட்ச்மேன்.

"இருக்கட்டும்."

"ரூல்ஸ்ணே."

"தெரியும். எழுதிக்கோ."

வாட்ச்மேன் பயந்துபோய்ப் போன் போட்டு மேனேஜரை எழுப்பினார். போனோடு உள்ளே விடாதே என்று உத்தரவு வந்தது. சரி என்று நீராவி அண்ணன் கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மணிக்கு நாங்கள் வந்தபோது ஆலை செத்த வீடு மாதிரி இருந்தது. அண்ணன் வாசலில் உட்கார்ந்திருக்க, மெஷின் பார்க்கும் பெரியவரும் பாய்லரைத் தொட மறுத்துவிட்டாராம். குழாயில் சத்தம் இல்லை. ரோலர் ஜில்லென்று கிடந்தது. முந்தைய ஷிப்டில் துவைத்த ஈர விரிப்புகள் வண்டி வண்டியாக நின்றன. எல்லோரும் கேட்டுக்கு வந்து வேடிக்கை பார்த்தோம்.

ஏழு மணிக்கு மேனேஜர் வந்து இறங்கினார். சட்டையில் ஒரு பட்டனை மாற்றிப் போட்டிருந்தார்.

"என்ன, மிரட்டிப் பாக்கறீங்களா?"

"இல்ல சார். வேலைக்கு வந்திருக்கேன். போனோட வந்திருக்கேன்."

மேனேஜர் அவரைத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். ஆனால் மெஷின் ஓடாத ஆலையில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். "சரிய்யா, நடந்தது தப்புதான். உங்களுக்கு மட்டும் வச்சுக்கோங்க. வெளிய சொல்லாதீங்க."

அங்கேதான் நாங்கள் எல்லோரும், முடிந்தது கதை, இவர் பிழைத்தார் என்று நினைத்தோம். நானாக இருந்தால் கும்பிட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போயிருப்பேன்.

"எனக்கு மட்டும்னா வேணாம் சார்," என்றார் நீராவி அண்ணன். இப்போது குரலைத் தாழ்த்தவில்லை. "அந்த ரோலர் பொண்ணோட அம்மாவுக்கு ஒண்ணுன்னா? இதோ நிக்கிற பல்வலியோட வீட்டுக்காரர் டயாலிசிஸ்ல மயங்கிட்டார்னா? அவங்க போனும் பெட்டிக்குள்ள பதினாலு தடவை அடிச்சிட்டு நிக்கட்டுமா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஆஸ்பத்திரியில் எங்களை எப்போதோ பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. நான் இரண்டு வருடமாகக் கட்டிக்காத்த பல்வலி ஒரு நொடியில் போயிற்று.

அன்று ஓட்டல் வண்டிகள் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் மேனேஜர் ஒன்றும் முடிவு சொல்லாமலேயே அவரை உள்ளே விட்டார். டீ நேரத்தில் நான் சூட்டறைக்குப் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க சண்டையில என் வீட்டை இழுக்க யாரு சொன்னா? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீங்களா வந்து சோறு போடுவீங்க?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "தப்புதான்மா. கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்." தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆனா ஒண்ணு. அந்தப் பல்லு இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?" என்றார்.

திரும்பி மடிப்பு மேசைக்கு வந்துவிட்டேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அந்த ஒரு மாதத்தில் அவரைக் கீழே இறக்கினார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வேறொரு பாய்லர்காரர் வந்தார். நீராவி அண்ணனை அழுக்குப் பிரிக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி மூட்டைகளை அவிழ்த்து ரத்தம், சீழ், மூத்திரம் என்று தரம் பிரிக்க வேண்டும். பத்தொன்பது வருடம் நீராவியை ஆண்டவருக்கு ரப்பர் கையுறையும் மூக்குத்துணியும். தானாக ஓடிவிடுவார் என்று நினைத்திருப்பார்கள்.

ஓடவில்லை. தினமும் போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். வாட்ச்மேன் தினமும், 'போன் கொண்டு சென்றார்' என்று நோட்டில் எழுதினார். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. போன் வைக்க வேண்டிய தன் தகரப் பெட்டியில் அவற்றை மடித்து வைத்துப் பூட்டினார். இரண்டாவது கடிதத்துக்கு எழுத்தில் பதில் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். ஆபீஸ் பெண் பிறகு எனக்குக் காட்டினாள். 'கடிதம் கிடைத்தது. மாமியாருக்குக் கை இன்னும் கூடவில்லை. வரும் திங்கட்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள். அன்றும் வரமாட்டேன்.'

அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

எனக்கு அதைப் படித்த பிறகு தூக்கம் சரியில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வியாழக்கிழமை மஞ்சள் தாளை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'ப' எழுதிவிட்டு நின்றேன். அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'கணவருக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும். இனி எப்போதும்.' பொய்க்கு ஓடுகிற பேனா உண்மைக்கு இப்படி நின்று நின்று போகிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

எனக்குப் பின்னால் நின்ற டிரையர்காரர் எட்டிப் பார்த்தார். தன் தாளைக் கிழித்துப்போட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார். 'பெரியப்பா உயிரோடுதான் இருக்கிறார். இரண்டு கண்ணும் தெரியாது. என்னை வளர்த்தவர். நான்தான் குளிப்பாட்ட வேண்டும்.'

அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரிதான். ரோலர் பெண்ணின் அம்மாவுக்கு மனநிலை சரியில்லை. வண்டி தள்ளுகிறவரின் தம்பி பிறந்ததிலிருந்தே படுக்கையில். பேக்கிங் பிரிவில் ஒருத்தி யாருக்கும் சொந்தமில்லாத பக்கத்து வீட்டுக் கிழவருக்குச் சாப்பாடு ஊட்டுகிறாள். அறுபத்திரண்டு பேரில் இருபத்து மூன்று பேர் வீட்டில் யாரோ ஒருவர் எங்களை நம்பிக் கிடந்தார். வருடக்கணக்காக ஒரே மேசையில் நின்று மடித்த எங்களுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

ஆபீஸ் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீ கிளாஸை வைத்தவள் அவள்தான். அந்த உறுத்தல் அவளை விடவில்லை. பழைய தாள்களையெல்லாம் பரப்பிப் போட்டு, வேலையை விட்டவர்களுக்குப் போன் போட்டும் கேட்டு, இரண்டு வாரம் உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் வேலையை விட்டுப் போன பதினொரு பேரில் எட்டுப் பேர் வீட்டில் ஆளைப் பார்த்துக்கொள்ளவே போயிருந்தார்கள். எல்லோரும் கைதேர்ந்தவர்கள். ரோலருக்கு ஒரு புது ஆளைப் பழக்க நான்கு மாதம் ஆகும். அந்தக் கணக்கை மேனேஜர் மேசையில் அவள் வைத்த வாரமே பேக்கிங் பிரிவின் தலைவி, பதினாறு வருடம் இருந்தவர், ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அம்மாவைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

மேனேஜருக்கு நெஞ்சு இளகியது என்று நான் சொல்லப் போவதில்லை. அவருக்கு ஆள் நிற்க வேண்டும். அதனால் எங்களைக் கேன்டீனில் கூட்டினார்.

"என்னதான் வேணும் உங்களுக்கு? ஊர்ல இருக்கிற மாமியாருக்கெல்லாம் லீவு குடுத்தா துணியை யாரு துவைக்கிறது?"

பின்வரிசையிலிருந்து நீராவி அண்ணன் எழுந்தார். அழுக்குப் பிரிவிலிருந்து நேராக வந்ததால் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"இப்பவும் நாங்க லீவு எடுத்துக்கிட்டுத்தான் சார் இருக்கோம். பொய் சொல்லி எடுக்கறதால உங்களுக்குக் காலையில ஆறு மணிக்குத் தெரியுது. உண்மையை எழுதவிட்டா பத்து நாள் முன்னாடியே தெரியும். நீங்க வேற ஆளை வச்சுக்கலாம்."

"எந்த ஆளை? பாய்லருக்கு ஆள் எங்க கிடைக்குது?"

"பழக்குங்க சார். ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு பேரைப் பழக்குங்க. நான் ஒருத்தன் வராட்டி ஆலை நிக்குதுன்னா அது என் திமிர் இல்ல, உங்க ஏற்பாடு."

அதற்குமேல் அவர் பேசவே வேண்டியிருக்கவில்லை. முழு நாள் வேண்டாம், இரண்டு மணி நேரம் போய் வர விடுங்கள் என்றாள் ரோலர் பெண். ஷிப்ட் எது என்று இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள், நாங்களே எங்களுக்குள் மாற்றிக்கொள்கிறோம் என்றேன் நான். அந்த லிஸ்டை எடுத்து எறியுங்கள் என்றார் டிரையர்காரர். "பெரியப்பா அதுல இல்லைங்கறதாலதான் சார் நான் அவரைக் கொன்னேன்!" கேன்டீன் முழுக்கச் சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஐந்து மாதம் இழுத்தது. இரண்டு தடவை அறிவிப்பு ஒட்டிக் கிழித்தார்கள். கடைசியில் வந்தது இதுதான். யாரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் போனைப் பையில் வைத்துக்கொள்ளலாம், ரோலர் ஓடும்போது கையில் எடுக்கக் கூடாது. மணிக்கணக்கில் லீவு. இரண்டு வாரத்துக்கு முன்பே ஷிப்ட் பட்டியல். தாய், தந்தை, மனைவி, பிள்ளை என்ற வரி போய், 'தொழிலாளி பார்த்துக்கொள்ளும் ஒருவர்' என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை ஆபீஸ் பெண் எழுதினாள். ராஜினாமா கொடுத்த பேக்கிங் பிரிவுத் தலைவி அரை நேர வேலையில் திரும்பி வந்தார்.

நீராவி அண்ணனைப் பாய்லருக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தத்தில் வந்தவரை அனுப்பிவிட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். "அவன் என்ன பண்ணினான்? அவனும் இருக்கட்டும். இன்னொரு ஆளையும் பழக்கணும். பல்வலியை அனுப்புங்க." அதற்குள் நாங்கள் பேச ஆரம்பித்திருந்தோம். ஆனால் இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொம்பளைக்குப் பாய்லரா என்று நாலு பேர் கேட்டார்கள். "பாய்லருக்கு அது தெரியாது," என்றார் அவர். ஒரு வருடம் பழகி, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கினேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்ப்பதும், அடியில் தேங்கிய கசடைத் திறந்துவிடுவதும் இப்போது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் நீராவி என்னுடையது. செவ்வாயும் வெள்ளியும் அவருடையது.

போன மாதம் பெரிய ஓட்டல் நிறுவனத்திலிருந்து ஐந்து பேர் ஆலையைப் பார்க்க வந்தார்கள். ஆலை வேலையாட்களை எப்படி நடத்துகிறது என்று பார்த்துத்தான் புது ஒப்பந்தமாம். மேனேஜர் வாசலில் பூத்தொட்டி வைத்தார். எங்கள் குடும்பத்தாரையும் கூட்டி வரச் சொன்னார். நீராவி அண்ணன் அத்தையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரரும் வந்திருந்தார்.

வந்தவர்களில் ஒரு அம்மா குனிந்து, "கம்பெனி உங்களை நல்லாப் பார்த்துக்குதாம்மா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"கம்பெனியா?" அத்தை மேனேஜரை மேலும் கீழும் பார்த்தார். "கம்பெனி எங்கம்மா பார்த்துச்சு? பார்த்தது என் மாப்பிள்ளை. கம்பெனி அவரைப் பார்க்க விடாம இருந்துச்சு. இப்போ விடுது. அதுக்கு இவ்ளோ பூத்தொட்டியா?"

மேனேஜர் முகம் ரோலரில் போட்டு எடுத்த மாதிரி ஆகிவிட்டது. சமாளிப்பதற்காக நீராவி அண்ணன் பக்கம் திரும்பி, "நீங்க ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்க," என்றார்.

நீராவி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். "போன் கிடைச்சுது. மணி நேர லீவு கிடைச்சுது. அது நல்ல விஷயம்தாங்க. ஆனா யாராவது கடைசி நாள்ல கிடக்கறப்போ ஒரு மூணு மாசம் கூட இருந்துட்டு, திரும்பி வந்தா அதே வேலை இருக்குமான்னு கேட்டிருக்கோம். அதுக்கு இன்னும் பதில் வரல. ரெண்டு தடவை எழுதிக் குடுத்தாச்சு."

"அடுத்த வருஷம் பார்க்கலாம்னுதானே சொல்லியிருக்கேன்," என்றார் மேனேஜர், விருந்தாளிகள் முன்னால் சிரித்தபடி பல்லுக்குள்.

"அடுத்த வருஷமும் நான் இங்கதான் சார் இருப்பேன்."

வந்திருந்த அம்மா கையிலிருந்த நோட்டைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டார். அவர் என்ன எழுதுகிறார் என்று மேனேஜர் எட்டிப் பார்த்தார், தெரியவில்லை. திங்கட்கிழமை காலை மூன்றாவது மனுவோடு நாங்கள் பதினெட்டுப் பேர் ஆபீஸ் வாசலில் நின்றோம்.